ஆடுகிறவள் எப்போது ஆட்டக்காரி ஆவாள்?

‘ஆட்டக்காரர்’ என்றால் நமக்குக் கிரிக்கெட் வீரர் நினைவுக்கு வருவார். தொடக்க ஆட்டக்காரர், சிறந்த ஆட்டக்காரர் என்று நாளிதழ்கள் எழுதும். அதே சொல்லைப் பெண்பாலாக்கி ‘ஆட்டக்காரி’ என்று சொல்லிப் பாருங்கள். சொல்லின் முகமே மாறிவிடும். ‘அவ ரொம்ப ஆட்டம் போடுறா’ என்று ஒரு பெண்ணைப் பற்றித் தெருவில் பேச்சு வந்தால், அவள் விளையாடுகிறாள் என்று யாரும் பொருள்கொள்வதில்லை. ஆடுதல் என்னும் வினை ஆணிடம் திறமையாகவும் பெண்ணிடம் அடங்காமையாகவும் வாசிக்கப்படுகிறது. வீடியோ கேம்களின் ஐம்பதாண்டு வரலாற்றைப் படித்தபோது இந்தச் சொல்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தின் ‘கேமர்’ என்ற சொல்லுக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

2015இல் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டது. வீடியோ கேம் ஆடுவதாகச் சொன்ன ஆண்கள் நூற்றுக்கு 50 பேர். பெண்கள் 48 பேர். கிட்டத்தட்டச் சமம். ஆனால் ‘நான் ஒரு கேமர்’ என்று தன்னை அழைத்துக்கொண்ட ஆண்கள் 15 பேர், பெண்கள் 6 பேர். கேம் ஆடுபவர்களில் பெரும்பாலோர் ஆண்களே என்று 60 விழுக்காட்டினர் நம்பினார்கள். தாங்களே ஆடுகிற பெண்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் அப்படித்தான் நம்பினார்கள். தான் ஆடிக்கொண்டிருக்கும்போதே, ஆடுவது வேறு யாரோ என்று நினைக்க ஒரு பெண் எங்கே கற்றுக்கொள்கிறாள்?

ஆண் ஆட்டக்காரருக்கும் பெண் ஆட்டக்காரருக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் பலரிடமும் பதில் தயாராக இருக்கிறது. ஆண் போட்டியை விரும்புவான், சுடுவான், வெல்வான். பெண் அலங்கரிப்பாள், பேசுவாள், சலித்துப்போய் எழுந்துவிடுவாள். இதெல்லாம் இயற்கை என்று முடித்துவிடுவார்கள். இயற்கை என்ற சொல் வரும் இடங்களில் எல்லாம் நாம் நின்று வரலாற்றைக் கேட்டுப் பழகியவர்கள். இங்கும் கேட்போம்.

1980. ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் தோரு இவாதானி ‘பேக்-மேன்’ விளையாட்டை உருவாக்கினார். காசு போட்டு ஆடும் ஆர்கேட் கூடங்களில் அப்போது வேற்றுக்கிரகவாசிகளைச் சுடும் ஆட்டங்களே மிகுதி. கூடங்களும் ஆண்களின் இடங்கள். பெண்களும் இணையர்களும் உள்ளே வர வேண்டும் என்பதற்காகவே சாப்பிடும் ஆட்டமாக இதை யோசித்ததாக இவாதானி பின்னாளில் சொன்னார். பெண் என்றதும் சாப்பாடு நினைவுக்கு வந்ததை நாம் கேள்வி கேட்கலாம். ஆனால் பெண்கள் வரவில்லையே என்ற குறையை அவர் பெண்ணின் இயல்பில் தேடவில்லை, கூடத்தில் தேடினார். ஆட்டம் மாறியது, பெண்கள் வந்தார்கள். அடுத்த ஆண்டு அடாரியில் எட் லாக்குடன் சேர்ந்து டோனா பெய்லி உருவாக்கிய ‘சென்டிபீட்’ ஆட்டத்துக்கும் பெண்கள் திரண்டார்கள். அதுவும் சுடும் ஆட்டம்தான்! பூரானைச் சுட வேண்டும். அடாரியின் ஆர்கேட் பிரிவில் அப்போது நிரல் எழுதிய ஒரே பெண் பெய்லி. 1982இல் கேரல் ஷா உருவாக்கிய ‘ரிவர் ரெய்டு’ ஒரு போர்விமான ஆட்டம். ராபர்ட்டா வில்லியம்ஸ் 1980இலேயே ‘மிஸ்டரி ஹவுஸ்’ என்ற துப்பறியும் ஆட்டத்தை எழுதிவிட்டார். தொடக்கத்தில் பெண்கள் இல்லை என்பது பொய். இருந்தார்கள், ஆடினார்கள், ஆக்கினார்கள்.

பிறகு என்ன நடந்தது? 1983இல் அமெரிக்காவில் வீடியோ கேம் சந்தை சரிந்து விழுந்தது. கடைக்காரர்கள் கேம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. 1985இல் நிண்டெண்டோ அங்கே நுழைந்தபோது தன் கருவியைப் பொம்மையாகக் காட்டி விற்றது. கூடவே ஒரு குட்டி ரோபோவையும் வைத்தது. பொம்மைக் கடையோ ஏற்கெனவே இரண்டாகப் பிரிந்து கிடந்த இடம். ஒரு பக்கம் இளஞ்சிவப்பு, மறுபக்கம் நீலம். கன்சோல் எந்தப் பக்கம் போனது என்று சொல்ல வேண்டியதில்லை. 1989இல் வந்த கைக்கருவியின் பெயரே ‘கேம் பாய்’. விளம்பரங்களில் பையன்கள் ஆடினார்கள், அக்கா தங்கைகள் பார்த்தார்கள். 1986இல் வந்த ‘மெட்ராய்டு’ ஆட்டத்தில் கவசத்துக்குள் இருந்த வீரர் ஒரு பெண் என்பது கடைசியில்தான் தெரியும். விரைவாக முடித்தவருக்குக் கிடைத்த பரிசு, அவளைக் குறைந்த ஆடையில் பார்ப்பது. ஆடுபவர் யார் என்று செய்தவர்கள் முடிவு செய்துவிட்டார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இது பொம்மைக் கடையோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். கேம் ஆடும் கணினிதான் நிரல் கற்கும் கணினியும். வீட்டுக்கு வந்த கணினி மகனின் அறைக்குப் போனது. அமெரிக்காவில் கணினி அறிவியல் பட்டம் பெற்றவர்களில் பெண்கள் 1980களின் நடுவில் ஏறத்தாழ 37 விழுக்காடு; கால் நூற்றாண்டில் அது 18 அளவுக்குச் சரிந்தது. பெண்களின் மூளை அந்த இருபத்தைந்து ஆண்டுகளில் மாறிவிடவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேன் மார்கோலிஸும் ஆலன் ஃபிஷரும் இதை ஆராய்ந்தார்கள். சிறுவயது முதல் கணினியோடு கிடந்த பையன்களின் பழக்கத்தைத்தான் எல்லோரும் திறமை என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்று கண்டார்கள். சேர்க்கை விதிகளும் பாடமுறையும் மாறின. 1995இல் 7 விழுக்காடாக இருந்த மாணவியர் சேர்க்கை 2000இல் 42 ஆனது.

1990களில் நிறுவனங்களுக்குப் பெண் குழந்தைகள் மறுபடி கண்ணில் பட்டார்கள். 1996இல் மேட்டல் வெளியிட்ட ‘பார்பி ஃபேஷன் டிசைனர்’ இரண்டே மாதங்களில் ஐந்து லட்சம் பிரதிகள் விற்றது. அதே ஆண்டில் பிரெண்டா லாரல் ‘பர்ப்பிள் மூன்’ நிறுவனத்தைத் தொடங்கினார். பெண் குழந்தைகளிடம் விரிவாகப் பேசி, அவர்களின் நட்பையும் பள்ளி வாழ்க்கையையும் கதையாக்கினார். 1999இல் அது மூடப்பட்டு, மேட்டலின் கைக்கே போனது. பெண்ணுக்கென்று தனி ஆட்டம் வேண்டுமா, அல்லது இருக்கும் ஆட்டத்தில் பெண்ணுக்கு இடம் வேண்டுமா என்ற விவாதம் அப்போது பெண்ணியர்களிடையே நடந்தது. இன்றும் முடியவில்லை.

பிள்ளைத்தமிழ் பாடம் நடத்தும் எனக்கு இந்த விவாதம் புதிதாகத் தோன்றவில்லை. பத்துப் பருவங்களில் காப்பு முதல் அம்புலி வரை ஏழும் இருபாலுக்கும் பொது. கடைசி மூன்றில்தான் பிள்ளைகள் பிரிகிறார்கள். ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல். அந்தச் சிற்றில் பருவத்தில் ஆண்பிள்ளை வீடு கட்டுவதில்லை. சிறுமியர் மணலில் கட்டிய வீட்டைக் காலால் எற்றி அழிக்க வருகிறான். அழிக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். அழிப்பதையும் திருவிளையாடல் என்று நாம் உரை சொல்லிக் கடந்துபோகிறோம். கட்டுவது பெண், அழிப்பது ஆண் என்ற பங்கீட்டைப் பாட்டு செய்ததுபோலவே பொம்மைக் கடையும் செய்தது.

ஆனால் மணல் எல்லோருக்கும் பொது. 2000இல் ‘தி சிம்ஸ்’ வந்தது. வில் ரைட் இதைப் பொம்மை வீடாக யோசித்தபோது சொந்த நிறுவனத்துக்குள்ளேயே பெரிய ஆதரவு இல்லை. வீடு கட்டு, சமை, வேலைக்குப் போ, அண்டை வீட்டாரோடு சண்டை போடு. அவ்வளவுதான் ஆட்டம். பெண்கள் பெருவாரியாக ஆடினார்கள்; 2002இல் அதுவரை வந்த கணினி ஆட்டங்களிலேயே மிகுதியாக விற்றது அதுதான். அப்படியானால் கட்டுவது பெண்ணின் இயல்பு என்று ஆகிவிடுமா? ‘மைன்கிராஃப்ட்’டைப் பாருங்கள். கட்டைகளை அடுக்கி வீடு கட்டும் ஆட்டம். 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. பையன்கள் இரவு பகலாகச் சிற்றில் இழைக்கிறார்கள். அட்டைப்பெட்டி இளஞ்சிவப்பாக இல்லாவிட்டால் போதும்.

மூளையின் கதைக்கும் வருவோம். வெளியுணர்விலும் உருவங்களை மனத்தில் சுழற்றிப் பார்ப்பதிலும் ஆண்கள் முந்துகிறார்கள் என்பது பழைய ஆய்வு முடிவு. 2007இல் டொரான்டோ பல்கலைக்கழகத்தின் ஜிங் ஃபெங், இயன் ஸ்பென்ஸ், ஜே பிராட் மூவரும் ஒரு சோதனை செய்தார்கள். பழக்கமில்லாத ஆண்களும் பெண்களும் ஒரு துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தைப் பத்து மணி நேரம் ஆடினார்கள். முடிவில் பெண்களே கூடுதலாக முன்னேறினார்கள். வெளிசார்ந்த கவனத்தில் இருந்த வேறுபாடு ஏறத்தாழ மறைந்தது, உருவச் சுழற்சியில் இடைவெளி குறைந்தது. இயற்கை என்று நூற்றாண்டு காலம் சொல்லப்பட்ட ஒன்றை அசைக்கப் பத்து மணி நேரம் போதுமாக இருந்திருக்கிறது.

அந்தப் பத்து மணி நேரம் ஒரு பெண்ணுக்கு எங்கிருந்து கிடைக்கும் என்பதுதான் என் கேள்வி. 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது: கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடங்கள் கொடுக்கிறார்கள், ஆண்கள் 97 நிமிடங்கள். நாடு தழுவிய குடும்பநல ஆய்வின்படி, 2019-21இல் தன் பயன்பாட்டுக்கென்று செல்பேசி வைத்திருந்த பெண்கள் 54 விழுக்காடுதான். அகப்பாடல்களில் ஓரையாடும் பெண் வளர்ந்ததும் இற்செறிக்கப்படுகிறாள். ஆட்டம் அத்தோடு முடிகிறது. இன்றைய இற்செறிப்புக்குக் கதவு தேவையில்லை. அடுப்பும் பாத்திரமும் தம்பியின் சாப்பாட்டுத் தட்டும் போதும். பெண்கள் ‘கேண்டி கிரஷ்’ போன்ற சின்னச் சின்ன ஆட்டங்களை விரும்புகிறார்கள் என்று சொல்பவர்கள், அவை மூன்று நிமிடத்தில் நிறுத்தக்கூடியவை என்பதைக் கவனிப்பதில்லை. குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் ஒரு கட்டம் முடிந்துவிடும். ரசனை என்று நாம் பெயர் வைப்பதில் பாதி, கிடைத்த பொழுதின் அளவு.

வகுப்பில் ஒருமுறை, கேம் ஆடுபவர்கள் யார் என்று கேட்டேன். பையன்களின் கைகள் உயர்ந்தன. மாணவியர் பக்கம் ஒரு கைகூட இல்லை. செல்பேசியில் எதுவுமே ஆடுவதில்லையா என்று கேட்டதும் லூடோ, கேண்டி கிரஷ், சப்வே சர்ஃபர்ஸ் என்று பெயர்கள் வந்தன. ‘அதெல்லாம் கேமாம்மா? சும்மா பொழுதுபோகலைன்னா ஆடுறதுதான்’ என்றாள் ஒருத்தி. இது நம் ஊர் வெட்கம் மட்டுமல்ல. ‘எவர்க்வெஸ்ட் 2’ என்ற இணைய ஆட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேரை ஆராய்ந்து 2009இல் ஓர் ஆய்வு வந்தது. ஆடியவர்களில் ஐந்தில் ஒருவர்தான் பெண். ஆண்களிடம் சாதிக்கும் ஆசையும் பெண்களிடம் பிறரோடு உறவாடும் ஆசையும் சற்றுக் கூடுதலாக இருந்தன. ஆனால் வாரத்தில் அதிக நேரம் ஆடியவர்கள் பெண்கள்! எவ்வளவு நேரம் ஆடுகிறீர்கள் என்று கேட்டபோது இருபாலரும் குறைத்துச் சொன்னார்கள்; பெண்கள் மேலும் குறைத்துச் சொன்னார்கள். சர்வரில் பதிவாகியிருந்த நேரம் அவர்களைக் காட்டிக்கொடுத்தது. தன் பொழுதைத் தானே எடுத்துக்கொண்டதைப் பெண் திருட்டுபோல மறைக்கிறாள். அதே ஆட்டத்தையும் ஒரு சீன ஆட்டத்தையும் வைத்து 2016இல் வந்த மற்றோர் ஆய்வு, ஆடிய நேரம் முதலியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் பெண்கள் ஆண்களுக்கு இணையான வேகத்தில் முன்னேறுகிறார்கள் என்று காட்டியது.

நேரம் கிடைத்தாலும் குரல் மிஞ்சியிருக்கிறது. 2013இல் வெளியான ஆய்வொன்றில் ‘ஹேலோ 3’ ஆட்டத்தில் முன்பே பதிவுசெய்த ஆண்குரலையும் பெண்குரலையும் ஒலிக்கவிட்டார்கள். சொன்ன வாக்கியங்கள் ஒன்றுதான். பெண்குரலுக்கு மூன்று மடங்கு வசை கிடைத்தது. 2015இல் வந்த அடுத்த ஆய்வு, அதிகம் வைதவர்கள் ஆட்டத்தில் பின்தங்கிய ஆண்கள் என்றது. தென்கொரியாவின் கிம் செ-யோன், ‘கெகுரி’ என்ற பெயரில் ஆடியவர். 2016இல் ‘ஓவர்வாட்ச்’ ஆட்டத்தில் அவர் குறி தவறாமல் சுட்டதைப் பார்த்து ஏமாற்றுகிறார் என்றார்கள். கேமரா முன் அமர்ந்து கைகளைக் காட்டி ஆடித் தன்னை நிரூபித்தார். 2018இல் ஓவர்வாட்ச் லீகில் ஆடிய முதல் பெண் ஆனார். திறமை காட்டிய ஆணை வியக்கிறவர்கள், பெண்ணிடம் சான்று கேட்கிறார்கள். பல பெண்கள் மைக்கை அணைத்துவிட்டு, ஆண்பெயரில் ஆடுகிறார்கள். பிறகு, பெண்கள் ஆட வருவதில்லை என்று சொல்லப்படுகிறது.

வேறுபாடுகளே இல்லை என்று நான் வாதிடவில்லை. இருக்கும் வேறுபாடுகளில் எது உடலில் இருந்து வருகிறது, எது கடை அலமாரியில் இருந்து, எது அடுப்படியில் இருந்து, எது வசைக்கு அஞ்சி அணைத்த மைக்கில் இருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்காதவரை ‘இயற்கை’ என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்கிறேன். இதை வாசிக்கும் மாணவிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு வாரம், நீங்கள் ஆடும் நேரத்தைக் குறித்துவையுங்கள். உங்கள் வீட்டு ஆண்கள் ஆடும் நேரத்தையும், அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். அடுத்தமுறை யாராவது எவ்வளவு நேரம் ஆடுகிறாய் என்று கேட்டால், குறைக்காமல் சொல்லுங்கள்.