இருப்பதாகச் சொல்லப்பட்டது

போன வருஷம் மச்சினன் குடும்பத்தோடு மெல்போர்னுக்குக் குடிபெயர்ந்தான். கார்கரில் பன்னிரண்டு வருஷம் சேர்த்த சாமான்களை விற்க மனசில்லாமல் இருபது அடி கண்டெய்னர் ஒன்றை முழுசாக எடுத்துவிட்டான். கட்டில், பீரோ, வெட் கிரைண்டர், சுவாமி அலமாரி எல்லாம் வாசலிலேயே பெட்டிக்குள் ஏறி, கதவில் நம்பர் போட்ட சீல் விழுந்து, நவாஷேவா துறைமுகம் பார்த்துப் போயிற்று. (துடைப்பத்தையும் முறத்தையும் மட்டும் எடுத்துப் போகவில்லை. ஆஸ்திரேலியாக்காரன் மரம், புல், ஓலை என்றால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பான்.)

ஒரு வாரம் கழித்து போன் வந்தது. "அத்தான், பில் ஆஃப் லேடிங் வந்திருக்கு. அதுல 'செட் டு கன்டெய்ன்'னு போட்டிருக்கான். 'இருப்பதாகச் சொல்லப்பட்டது'ன்னா என்ன அர்த்தம்? உள்ள என்ன இருக்குன்னு கப்பல்காரனுக்குத் தெரியாதா?"

தெரியாதுதான். தெரியவேண்டிய அவசியமும் அவனுக்கு இல்லை. வங்கியில் ஏற்றுமதி-இறக்குமதிப் பிரிவில் இத்தனை வருஷமாகக் குப்பை கொட்டுகிற எனக்கு தினம் நூறு முறை கண்ணில் படுகிற வார்த்தை அது. போனில் ரெண்டு வரியில் பதில் சொல்லிவிட்டேன். முழுப் பதில் ஒரு எழுபது வருஷக் கதை. அதில் எங்கள் பெரியப்பாவும் வருகிறார்.

பெரியப்பா அறுபதுகளில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு ரயிலேறியவர். 1914-ல் திறந்த அலெக்சாண்டிரா டாக்கில் (இப்போது இந்திரா டாக்) டாலி கிளார்க் வேலை. இங்கத்திய பாஷையில் 'கோதி' வேலை. ஒரு நோட்டு, ஒரு பென்சில். கிரேன் கொக்கியில் ஒரு வலை மூட்டை ஏறினால் நாலு கோடு, ஐந்தாவதுக்குக் குறுக்கே ஒரு கோடு. அவர் கரையில் எண்ணுவார். கப்பல் தரப்பில் இன்னொருவர் எண்ணுவார். கணக்கு இடித்தால் சண்டை. மூட்டை கிழிந்திருந்தால், டின் நசுங்கியிருந்தால், மழையில் நனைந்திருந்தால் அதையும் எழுதுவார். கப்பல் அதிகாரி கொடுக்கும் ரசீதில் அந்தக் குறிப்பு ஏறும். அதிலிருந்து பில் ஆஃப் லேடிங்கிலும் ஏறிவிடும்.

குறிப்பு எதுவும் இல்லாவிட்டால் அது 'கிளீன்' பில். வங்கிகள் இன்றைக்கும் கேட்பது இந்த கிளீன் பில்லைத்தான். பணம் பட்டுவாடா ஆவதும் இதை வைத்துத்தான். ஆக, ஏதோ ஒரு ஊரில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து வங்கி அதிகாரி கையெழுத்துப் போட்ட பணத்துக்கு ஆதாரம், வெயிலில் நின்று பெரியப்பா போட்ட பென்சில் கோடு.

இதில் என்ன குறை? செலவும் நேரமும். 1954-ல் 'வாரியர்' என்ற சரக்குக் கப்பல் நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபனுக்குப் போனதைப் பிற்பாடு ஆராய்ச்சியாளர்கள் அக்குவேறு ஆணிவேறாகக் கணக்கெடுத்தார்கள். சுமார் 5,000 டன் சரக்கு. ஆனால் உருப்படிகள் 1,94,582! பெட்டி, மூட்டை, பீப்பாய், டிரம், வண்டி எல்லாம் சேர்த்து. ஒவ்வொன்றும் மனிதக் கை பட்டு ஏறி, மனிதக் கை பட்டு இறங்கியது. மொத்தச் செலவில் அட்லாண்டிக் கடலைத் தாண்டுவதற்கு ஆனது 11.5 சதவீதம்தான். கப்பல் ஓடுவதால் ஆகும் செலவைவிட நிற்பதால் ஆகும் செலவு பெரிசு.

இதைக் கப்பல்காரர்கள் யாரும் தீர்க்கவில்லை. தீர்த்தவர் ஒரு லாரிக்காரர். பெயர் மால்கம் மெக்லீன். 1913-ல் வட கரோலினாவில் பிறந்தவர். ஒற்றை லாரியில் ஆரம்பித்துப் பெரிய லாரிக் கம்பெனி முதலாளியானவர். லாரியின் பின்பக்கத்தை அப்படியே கழற்றிக் கப்பலில் வைத்தால் என்ன என்பது அவர் கேள்வி. பெட்டியில் அடைத்து அனுப்பும் யோசனையை அவருக்கு முன்பே பலர் சின்ன அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். லாரி, கிரேன், கப்பல், துறைமுகம் நாலையும் ஒரே பெட்டிக்காக மாற்றியமைத்தது மெக்லீனின் சாமர்த்தியம்.

எங்கள் ஜாதிக்காரர் ஒருவருக்கும் இதில் பங்குண்டு (வங்கி ஜாதியைச் சொல்கிறேன்!). 1955-ல் மெக்லீன் ஒரு கப்பல் கம்பெனியை வாங்க நேஷனல் சிட்டி பேங்கில் 4 கோடியே 20 லட்சம் டாலர் கடன் கேட்டார். கையில் போட்டது சொற்பம். வாங்கப்போகும் கம்பெனியின் சொத்தையே நம்பிக் கடன். அந்தக் கடனுக்குப் பின்னால் நின்ற அதிகாரி வால்டர் ரிஸ்டன், பிற்காலத்தில் அந்த வங்கிக்கே தலைவரானார். இன்றைக்கு அப்படி ஒரு புரொப்போசலை நான் மேலே அனுப்பினால் எனக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர்தான் கீழே வரும்.

1956 ஏப்ரல் 26. உலகப் போர்க் காலத்து எண்ணெய்க் கப்பல் ஒன்றை மாற்றிக் கட்டிய 'ஐடியல்-எக்ஸ்', நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டிகளோடு கிளம்பியது. அந்த வருஷம் சாதாரணக் கப்பலில் உதிரிச் சரக்கு ஏற்ற டன்னுக்கு 5.83 டாலர். மெக்லீன் ஆட்கள் போட்ட கணக்குப்படி ஐடியல்-எக்ஸில் டன்னுக்கு 16 சென்ட்டுக்கும் கீழே. வியாபாரம் படித்தவன் இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் போதும், மீதிக் கதை தெரிந்துவிடும்.

ஆனால் ஆளுக்கொரு அளவு. மெக்லீன் பெட்டி அப்போது 33 அடி, ஹவாய்க்குக் கப்பல் விட்ட மேட்சன் கம்பெனியின் பெட்டி 24 அடி. ஒருவன் பெட்டி இன்னொருவன் கப்பலில் ஏறாது. வருஷக்கணக்கான கமிட்டிக் கூட்டங்களுக்குப் பிறகுதான் இருபது அடி, நாற்பது அடி என்ற சர்வதேச அளவு நின்றது. பெட்டியின் எட்டு மூலையிலும் பார்த்திருப்பீர்களே, ஓட்டை போட்ட இரும்புக் கட்டை? பெட்டிமேல் பெட்டியைப் பூட்டுவது அந்த மூலைதான். மெக்லீனிடம் வேலை பார்த்த கீத் டான்ட்லிங்கர் என்ற என்ஜினியரின் கைவண்ணம் அது. அந்தக் காப்புரிமையை மெக்லீன் விட்டுக்கொடுத்ததால்தான் பொது அளவே சாத்தியமாயிற்று.

அடுத்த உந்து வியட்நாம் போர். அங்கே துறைமுகங்களில் ராணுவச் சரக்கு தேங்கி நாறிக்கொண்டிருந்தது. 1967-ல் மெக்லீனின் கப்பல்கள் காம் ரான் விரிகுடாவுக்குப் பெட்டிகளைக் கொண்டுபோயின. திரும்பும்போது காலிப் பெட்டி. காலியாக வருவானேன் என்று 1968-லிருந்து ஜப்பானில் நின்று சரக்கை நிரப்பிக்கொண்டு அமெரிக்கா வந்தன. போருக்குப் போன பெட்டி வியாபாரத்தோடு திரும்பியது.

அடி யாருக்கு? பெரியப்பாக்களுக்கு. லண்டனின் ஈஸ்ட் இந்தியா டாக் 1967-ல் மூடியது. 1981-க்குள் ராயல் டாக்ஸ் வரை அடுத்தடுத்து கதவடைப்பு. யாரும் கேள்விப்படாத ஃபீலிக்ஸ்டோ பெரிய துறைமுகமாயிற்று. அமெரிக்க மேற்குக் கரையில் மட்டும் ஹாரி பிரிட்ஜஸ் தலைமையிலான சங்கம் 1960-லேயே விஷயத்தைப் புரிந்துகொண்டு, இயந்திரம் வரட்டும், ஆனால் மிச்சமாகும் பணத்தில் எங்களுக்குப் பங்கு வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. நியாயமான பேரம்.

இந்தியாவுக்குப் பெட்டி வந்தது 1973 நவம்பரில். 'பிரசிடெண்ட் டைலர்' என்ற கப்பலில் கொச்சிக்கு. பம்பாயில் வேலை மெதுவாகத்தான் கரைந்தது. 1989-ல் கடலுக்கு அந்தப் பக்கம் நவாஷேவா திறந்தது. பெட்டிகள் அங்கே போக, பழைய கோதியில் கப்பல்கள் குறைந்தன. பெரியப்பா விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார். நான் பி.காம். முடித்து வங்கியில் சேர்ந்தபோது சொல்லப் போனேன். "எந்த வேலைல போடுதான்?" என்றார். கப்பல் பில் பார்க்கிற வேலை என்றேன். "பில்லைப் பாப்ப, சரக்கைப் பாக்க மாட்டியோ?" என்று சிரித்தார். அப்போது எனக்கு அது வெறும் கிண்டல்.

இப்போது மச்சினன் கேள்விக்கு வருவோம். பெட்டியை நிரப்புவது அனுப்புகிறவன். சீல் போடுவதும் அவன் இடத்தில். கப்பல்காரனுக்குக் கிடைப்பது பூட்டிய பெட்டி. திறந்து எண்ண அவனால் முடியாது, எண்ண நின்றால் சிக்கனமெல்லாம் போச்சு. அதனால் "இவ்வளவு பொட்டலம் இருப்பதாகச் சொல்லப்பட்டது" என்று எழுதித் தப்பித்துக்கொள்கிறான். வங்கிகளுக்கான சர்வதேச விதிகளும் (யுசிபி 600, 26-வது பிரிவு) அந்த வாசகம் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்கின்றன. 5-வது பிரிவு இன்னும் வெளிப்படை: வங்கிகள் கையாள்வது ஆவணங்களை, சரக்கை அல்ல. 2016 ஜூலையிலிருந்து பெட்டியின் எடையைச் சரிபார்த்துச் சொல்லியாக வேண்டும். எடையை மட்டும்தான்.

பத்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் கிளைக்கு ஒரு வாடிக்கையாளர் இருந்தார். வசாய் பக்கம் பிளாஸ்டிக் வாளி செய்கிற சின்ன ஆள். வெளிநாட்டிலிருந்து புது பிளாஸ்டிக் குருணை இறக்குமதி. எல்.சி. திறந்தது நான்தான். பில் கிளீன், பேக்கிங் லிஸ்ட் சரி, இன்வாய்ஸ் சரி. பணம் போய்விட்டது. பெட்டி வந்தது, சீல் உடையவில்லை, எடையும் சரி. திறந்தால் கதவோரம் ரெண்டு வரிசை நல்ல மூட்டை. பின்னால் முழுக்க அழுக்கு பிளாஸ்டிக் கழிவை அரைத்த தூள்.

என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அவர் கேட்டது ஒன்றுதான்: "சாப், நீங்க பாக்கலியா?" விதியைக் காட்டினேன். விதி என் பக்கம். ஆனால் ஏற்றும் இடத்தில் ஒரு மூன்றாம் ஆளை வைத்துப் பரிசோதித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று எல்.சி.யில் ஒரு வரி சேர்த்திருந்தால் இது நடந்திருக்காது. கட்டணம் அதிகம் என்று அவர் தயங்கினார். நான் வற்புறுத்தவில்லை. பெரியப்பாவின் சிரிப்பு அன்றைக்குத்தான் புரிந்தது. அவர் இருந்த இடம் காலியாக இருக்கிறது. அதை நிரப்ப வேண்டுமானால் காசு கொடுத்து ஆள் வைக்க வேண்டும்.

இதனால் பெட்டி கெடுதல் என்று சொல்ல வரவில்லை. பழைய காலத்தில் சரக்கு கரைக்கு வருமுன் பாதி காணாமல் போகும். விஸ்கி பெட்டி 'தவறி' விழுந்து உடைகிற கதைகளைப் பெரியப்பாவே ரசித்துச் சொல்வார். தலையிலும் முதுகிலும் மூட்டை சுமந்து ஐம்பது வயதில் கூன் விழுந்தவர்களை அவருக்குத் தெரியும். திருப்பூர் பனியன் தூத்துக்குடி வழியாக ஐரோப்பாவின் கடைத்தெரு வரை கட்டுப்படியாகிற விலையில் போய்ச் சேர்வதற்கு இந்தப் பெட்டி ஒரு பெரிய காரணம். ஒரு இடத்தில் போன வேலை, இன்னொரு இடத்தில் பல மடங்காக வந்தது. போனவனும் வந்தவனும் ஒரே ஆள் இல்லை, அவ்வளவுதான்.

2025 மே 25-ம் தேதி 'எம்.எஸ்.சி. எல்சா 3' கொச்சிக்கு அப்பால் 640 பெட்டிகளோடு மூழ்கியது. 13 பெட்டிகளில் ஆபத்தான சரக்கு என்றார்கள். கேரளக் கடற்கரையில் வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் குருணை ஒதுங்கியபோது, மீனவர்கள் கேட்டதும் என் மச்சினன் கேட்ட அதே கேள்வி: உள்ளே என்னதான் இருந்தது? ரெண்டு வாரம் கழித்து அதே கேரளத்தின் விழிஞ்ஞத்துக்கு 24,346 இருபதடிப் பெட்டிகள் கொள்ளும் 'எம்.எஸ்.சி. ஐரீனா' வந்து நின்றது. 58-ல் தொடங்கிய கணக்கு அது.

வீட்டுச் சாமான் அனுப்பப்போகிற நண்பர்களுக்கு, வங்கிக்காரன் சொல்வது இவ்வளவுதான். பெட்டி நிரம்பும்போது கூடவே நில்லுங்கள். பொட்டலத்துக்கு நம்பர் போட்டு நீங்களே லிஸ்ட் எழுதுங்கள். சீல் நம்பரைப் போட்டோ எடுங்கள். பில்லில் 'ஒரு கண்டெய்னர்' என்று மட்டும் போட விடாதீர்கள், எத்தனை பொட்டலம் என்பதும் ஏற வேண்டும். நஷ்டஈட்டு வரம்பைப் பொட்டலத்துக்கு இவ்வளவு, அல்லது கிலோவுக்கு இவ்வளவு, எது அதிகமோ அது என்று கணக்கிடுகிறார்கள். எண்ணிக்கை இல்லாவிட்டால் உங்கள் குடும்பமே ஒரு பொட்டலம்தான்! இன்ஷூரன்ஸ் கண்டிப்பாக எடுங்கள்.

மச்சினன் பெட்டி ஏறிய அன்று நான் வாசலில் ஒரு நோட்டும் பென்சிலுமாக நின்றேன். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. மொத்தம் 118. "என்ன அத்தான், போன்ல டைப் பண்ணலாமே" என்று சிரித்தான். ரெண்டு மாசம் கழித்து மெல்போர்னில் இறக்கியபோது 117 என்று பேக்கர்ஸ் ஆள் சாதித்திருக்கிறான். மச்சினன் என் நோட்டுப் பக்கத்தின் போட்டோவைக் காட்டியிருக்கிறான். கட்டில் பலகைக்குப் பின்னால் பெட்டியின் மூலையில் இருந்ததாம் அந்த ஒன்று. அக்கா கொடுத்துவிட்ட குத்துவிளக்கு.

கொசுறு: பில் ஆஃப் லேடிங்குக்கான நம் நாட்டுச் சட்டம் 1856-ல் வெள்ளைக்காரன் போட்டது. பாய்மரக் கப்பல் காலத்துச் சட்டம், கண்டெய்னர் காலம் முழுக்கத் தாக்குப்பிடித்து, 2025-ல்தான் புதுச் சட்டத்துக்கு வழிவிட்டது.