சித்திரக்குள்ளருக்குப் பெயரிடுபவர் யார்?

1937 செப்டம்பரில் டோல்கீனின் ‘த ஹாபிட்’ நாவல் வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் டிஸ்னி நிறுவனத்தின் ‘ஸ்னோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்’ திரைக்கு வந்தது. தாடியும் சுரங்கத்தொழிலும் இரண்டிலும் வரும் சித்திரக்குள்ளர்க்குப் பொதுவானவை. அவர்களுடைய பெயர்களோ இருவேறு உலகங்களைச் சேர்ந்தவை.

கிரிம் சகோதரர்கள் 1812இல் பதிப்பித்த கதையில் அந்த எழுவருக்கும் பெயரே கிடையாது. டிஸ்னி சூட்டிய பெயர்களில் பெரும்பாலானவை சிடுமூஞ்சி, தூங்குமூஞ்சி, கூச்சக்காரன் என்னும் வகையின. அவை வெளியிலிருந்து பார்ப்பவர் ஒட்டும் அடைமொழிகள். டோல்கீன் பழைய நோர்ஸ் மொழியின் ‘வோலுஸ்பா’ பாடலில் உள்ள பெயர்ப்பட்டியலை எடுத்தாண்டார். பின்னர் ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ (1954–55) பின்னிணைப்பில், அவையும் அயலாரிடம் வழங்கும் புறப்பெயர்களே என விளக்கினார். அக்குலத்தார் தம் உண்மைப் பெயரைக் கல்லறையிலும் பொறிப்பதில்லை.

அவர்களுக்காக அவர் புனைந்த குஸ்தூல் மொழி, எபிரேயம், அரபு ஆகியவற்றைப் போல மெய்யொலிகளாலான வேர்களின்மீது கட்டப்பட்டது. குடியேறிய நாட்டின் மொழியைப் பேசிக்கொண்டே தம் மொழியை அகத்தே காக்கும் அக்குலத்தை, டோல்கீனே ஒரு கடிதத்தில் யூதரோடு ஒப்பிட்டுள்ளார். இவ்வொப்புமைக்கு ஓர் இருண்ட முன்வரலாறு உண்டு. வாக்னரின் ‘ரைன் தங்கம்’ இசைநாடகம் 1869இல் அரங்கேறியது. அதில் பொன்னுக்காக அன்பையே துறக்கும் ஆல்பரிக், யூத வெறுப்பில் பிறந்த கேலிச்சித்திரம் என்று அடோர்னோ முதலியோர் வாசித்தனர். டோல்கீன் சித்திரக்குள்ளருக்கு மொழியும் வரலாறும் இழந்த தாயகமும் அளித்தார். பொன்னாசையை மட்டும் நீக்கவில்லை. பரிவோடு எழுதிய கையிலும் பழைய முன்முடிவு தங்கியிருந்தது.

டோல்கீனுக்குப் பின்வந்த படைப்புகள் அச்சமூகத்தின் உள்முரண்களை நோக்கித் திரும்பின. ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ (2009) என்னும் கணினி விளையாட்டில் ஆர்சமார் என்றொரு நிலத்தடி நகரம் வருகிறது. அங்குத் தொழிலும் மதிப்பும் பிறப்பால் வரும் சாதியைப் பொறுத்தவை. சாதியற்றோரின் முகத்தில் அடையாளம் பச்சை குத்தப்படுகிறது. இங்கே முத்திரை இடுபவர் அயலார் அல்லர், சொந்த இனத்தாரே.

இதற்கு முன்பே, 1996இல், டெர்ரி பிராச்செட் ‘ஃபீட் ஆஃப் கிளே’ நாவலில் வேறொரு வழியைக் காட்டியிருந்தார். அவருடைய டிஸ்க்வேர்ல்டில் இருபாலாருக்கும் தாடி உண்டு. எல்லாரும் ‘அவன்’ என்றே சுட்டப்படுகின்றனர். காவல் பணியில் சேரும் சியரி, தாடியை மழிக்காமலே காதணியும் பாவாடையும் அணிந்து தம்மைப் பெண்ணென வெளிப்படுத்துகிறார். தம் இனத்தாரின் கசப்பையும் எதிர்கொள்கிறார்.

டிஸ்னியின் அடைமொழியும் ஆர்சமாரின் பச்சைக்குத்தும் ஒருவர் யார் என்பதைப் பிறர் தீர்மானிக்கும் முறைகள். டோல்கீனின் குலம் தன் பெயரை மறைத்துக் காத்துக்கொண்டது. சியரியோ ‘செரி’ என எழுத்தைச் சற்றே மாற்றி, தம் பெயரைத் தாமே வெளிப்படையாகச் சூட்டிக்கொள்கிறார்.