ஓடத்துறைக்குப் பெயர் தந்தவர்: சாலமன் வைஸ்மேன்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், சிட்னிக்கு வடக்கே ஹாக்ஸ்பரி ஆற்றின் கரையில் ‘வைஸ்மேன்ஸ் ஃபெர்ரி’ என்றொரு சிற்றூர் உள்ளது. ‘வைஸ்மேனின் ஓடத்துறை’ என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் உடைமையைக் காட்டும் மேற்கோட்குறியை ஆஸ்திரேலிய அரசு வழக்கு ஊர்ப்பெயர்களிலிருந்து நீக்கிவிட்டது. குறி போயிற்று, உடைமையாளர் மட்டும் நிலைத்துவிட்டார். அந்த உடைமை எவ்வாறு உருவானது என்பதே இப்பதிவின் கேள்வி.

சாலமன் வைஸ்மேன் 1777-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். தேம்ஸ் ஆற்றில் சரக்குப் படகோட்டியாகப் பிழைத்தவர். மரத் திருட்டுக் குற்றத்திற்காக 1805-இல் லண்டன் நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. பின்னர் அது ஆயுள்காலத் தீவாந்தர தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 1806-இல் ‘அலெக்சாண்டர்’ என்னும் கப்பலில் சிட்னி வந்து சேர்ந்தார். மனைவி ஜேனும் உடன் வந்தார். சில ஆண்டுகளில் விடுதலை பெற்று, கடலோரச் சரக்குக் கப்பல் தொழிலில் இறங்கினார். 1817-இல் ஹாக்ஸ்பரிக் கரையில் 200 ஏக்கர் நிலம் மானியமாகக் கிடைத்தது. அங்கே விடுதி நடத்தினார். ‘கோபம் ஹால்’ என்ற கல்மாளிகை எழுப்பினார். 1827-இல் ஓடத்துறையைத் தொடங்கினார். 1838-இல் மறைந்தபோது அவர் அப்பகுதியின் பெரும் செல்வர்களுள் ஒருவர். ‘ஹாக்ஸ்பரியின் அரசர்’ என்ற பட்டப்பெயரும் அவருக்கு உண்டு.

கைதியாக வந்து செல்வந்தராக உயர்ந்த இக்கதை, தன்முயற்சிக்குச் சான்றாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அவருடைய துணிவையும் வணிகக் கூர்மையையும் மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் அவர் செல்வத்தின் மூலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் வேறொரு சித்திரம் தெளிகிறது.

முதலாவது, சாலை. சிட்னியையும் ஹண்டர் பள்ளத்தாக்கையும் இணைக்கும் பெருவடக்குச் சாலைக்கான வழியை ஹெனேஜ் ஃபின்ச் என்னும் நில அளவையாளர் 1825-இல் வகுத்தார். அவ்வழி வைஸ்மேனின் நிலத்தருகே ஆற்றைக் கடந்தது. 1826 முதல் 1836 வரை, ஏறத்தாழ 260 கிலோமீட்டர் நீளத்திற்கு, நூற்றுக்கணக்கான தண்டனைக் கைதிகள் பாறையை வெட்டி அச்சாலையை அமைத்தனர். அவர்களுள் பலர் காலில் விலங்குடன் உழைத்தவர்கள். அவர்களுக்கு உணவுப் பொருள் வழங்கும் ஒப்பந்தம் வைஸ்மேனுக்குக் கிடைத்தது. நேற்றைய கைதி, இன்றைய கைதிகளின் உணவால் பொருளீட்டினார். அவருடைய சொந்த நிலத்திலும் அரசு ஒதுக்கிய கைதிகளே வேலை செய்தனர். நிலம் அரசு தந்தது. உழைப்பு அரசு தந்தது. முதன்மையான வாடிக்கையாளரும் அரசே. 1831-இல் சிட்னிக்கும் ஹண்டருக்கும் இடையே நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கின. அதனால் முழுமை பெறும் முன்பே அச்சாலை முக்கியத்துவத்தை இழக்கலாயிற்று. வைஸ்மேனுக்குப் பெரும் பயன் தந்தது சாலைப் போக்குவரத்தைவிடச் சாலை போடும் பணியே எனலாம்.

இரண்டாவது, நிலம். அரசு தந்த அந்த 200 ஏக்கர் அரசுக்கு எவ்வாறு வந்தது? ஹாக்ஸ்பரியின் வண்டல் சமவெளிகளில் தருக் இனப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கிழங்கு அகழ்ந்து வந்தனர். 1794 முதல் குடியேறிகள் அதே சமவெளிகளில் மக்காச்சோளம் விதைத்தனர். கிழங்கு அழிந்தது, பசியும் மோதலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தன. 1816-இல் ஆளுநர் மெக்குவாரி பழங்குடியினருக்கு எதிராகப் படைகளை அனுப்பினார். வைஸ்மேனுக்கு மானியம் கிடைத்தது அதற்கு அடுத்த ஆண்டில். இவ்விரு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் படிக்காமல் அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதுவது முறையாகாது.

வைஸ்மேனின் வழித்தோன்றலான கேட் கிரென்வில் 2005-இல் வெளியிட்ட ‘தி சீக்ரெட் ரிவர்’ நாவல் இந்த மௌனத்தைத்தான் தொட்டது. அதன் நாயகன் வில்லியம் தோர்ன்ஹில் புனைவு மனிதர். அவர் செயல்களை வைஸ்மேன்மேல் ஏற்றிப் படிப்பது பிழை. ஆனால் மூதாதையின் வெற்றிக் கதையில் விடுபட்டவர்கள் யார் என்று அவ்வழித்தோன்றல் கேட்டது வரலாற்று மாணவருக்கும் உரிய கேள்வி.

அந்த ஆற்றுக்கு வேறு பெயர் உண்டு: தியாருபின். வைஸ்மேன் வாழ்ந்த காலத்திலேயே, 1829-ஐ ஒட்டி, ஜான் மெக்கார்வி என்னும் பாதிரியார் அவ்வாற்றங்கரையின் பழங்குடி இடப்பெயர்களைத் தொகுத்து வைத்தார். 170-க்கும் மேற்பட்ட அப்பெயர்கள் நூலகக் காப்பகத்தில் நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தன. வரலாற்றாசிரியர் கிரேஸ் கார்ஸ்கென்ஸ் அண்மைக் காலத்தில் அப்பட்டியலைக் கண்டறிந்து, தருக் சமூகத்தினருடன் இணைந்து பெயர்களை மீண்டும் நிலத்தில் பொருத்தும் பணியில் ஈடுபட்டார்.

ஒரே ஆற்றங்கரை, ஒரே காலம். ஒருவர் பெயர் வரைபடம் ஏறியது. ஒரு மக்களின் பெயர்கள் காப்பகம் புகுந்தன. ‘ஊரை நிறுவியவர்’ என்று ஒருவரைப் பற்றி எழுத நேரும்போது அங்கே முன்பு வழங்கிய பெயர் எது, நிலம் யாருடையது, உழைத்தவர் யார் என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்தே எழுதுவோம். இக்கேள்விகள் வைஸ்மேனின் உழைப்பைச் சிறுமைப்படுத்துவதில்லை. அது எந்தத் தரைமேல் நின்றது என்பதையே காட்டுகின்றன.