கல்லாய்வும் கலையாய்வும்: சப்பிரகமுவையில் ஆனந்த குமாரசுவாமி

கலை பயிலும் ஐரோப்பிய மாணவர் இத்தாலிய நகரங்களுக்குச் சென்று, அங்குள்ள தேவாலயங்களையும் மாளிகைகளையும் நேரிற் கண்டு வரைந்து பழகுதல் நெடுங்கால மரபாகும். அம்மரபில் வந்த ஆங்கிலேயரான யோன் ரஸ்கின் 1851 முதல் 1853 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட ‘வெனிஸ் நகரத்துக் கற்கள்’ எனும் நூல், கலையாய்வுக்குப் புதியதொரு நோக்கைத் தந்தது. ஒரு கட்டடத்தை மதிப்பிடுவோர், அதனைச் செதுக்கிய தொழிலாளிக்குத் தன் வேலையில் எவ்வளவு சுதந்திரமும் மகிழ்ச்சியும் இருந்தன என்பதையும் நோக்குதல் வேண்டும் என்றார் ரஸ்கின். இக்கருத்தை விளக்கும் அதிகாரத்தை வில்லியம் மொறிஸ் 1892இல் தமது கெல்ம்ஸ்கொற் அச்சகத்தில் தனிநூலாகப் பதிப்பித்தார். இவ்விருவர் சிந்தனையிலும் தோய்ந்த ஆனந்த குமாரசுவாமி, அந்நோக்கை இலங்கை மலைநாட்டுக் கிராமங்களுக்குக் கொண்டுவந்தார். அவ்வரலாற்றில் சப்பிரகமுவை மாகாணத்துக்குச் சிறப்பான இடமுண்டு.

சேர் முத்துக் குமாரசுவாமிக்கும் ஆங்கிலப் பெண்மணியொருவருக்கும் மகனாக 1877இல் கொழும்பிற் பிறந்த ஆனந்தர், 1879இல் தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்தார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவியியலும் தாவரவியலும் கற்றவர், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைப் பகுதியின் தலைவராகக் கடமையாற்றினார். பலாங்கொடைப் பகுதியில், இரத்தினக்கற்கள் படிந்துள்ள சரளையிலிருந்து கிடைத்த கரிய, கனத்த கனிப்பொருளொன்றை அவர் 1904இல் யுரேனினைற்று எனக் கருதினார். அது தோரியம் மிகுந்த புதியதொரு கனிப்பொருள் என்பதை டன்ஸ்ரன் என்னும் அறிஞர் கண்டறிந்து, ‘தோரியனைற்று’ எனப் பெயரிட்டார்.

இரும்புக் கற்களை ஆராயப் புகுந்தபொழுது, அவற்றை உருக்கிய மனிதரும் அவர் பார்வைக்கு வந்தனர். பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள அத்தரபாகையில் இரும்பு உருக்கும் முறையை அவர் பதிவு செய்தார். அலுத்நுவரையில், ஏறத்தாழ வழக்கொழிந்துவிட்ட எஃகாக்கும் முறையை அறிந்திருந்தோர் அவருக்காக அதனைச் செய்து காட்டினர். இரும்புத் துண்டையும் ஆவாரை மரச் சிராய்களையும் மண்குகையுள் இட்டு, வாயை மூடிக் கரி நெருப்பில் வைத்துத் துருத்தியால் ஊதுவர். மரத்திலுள்ள கரி இரும்பிற் கலந்து எஃகாகும். தமிழகத்தின் சேலம் பகுதியில் உருக்கு ஆக்கியோரும் ஆவாரையையே பயன்படுத்தினர் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்புகளால் அறிகின்றோம். கடல் பிரித்த இரு நிலங்களையும் தொழிலறிவு இணைத்திருந்தமைக்கு இஃது ஒரு சான்று எனலாம்.

இத்தொழில்கள் ஏன் நலிந்தன? கண்டி இராச்சியத்தில் கைவினைஞர் ஊழிய நிலங்களைப் பெற்று, அவற்றுக்கீடாக அரசனுக்கும் கோயிலுக்கும் பணிபுரிந்தனர். 1815இல் இராச்சியம் வீழ்ந்தபின் அவ்வாதரவு தளர்ந்தது. மலிவான இறக்குமதிப் பொருள்கள் சந்தையை நிரப்பின. கைத்திறன் குன்றுமுன்னரே அதனைத் தாங்கிய வாழ்வு குலைந்துவிட்டது. இதனையுணர்ந்த குமாரசுவாமி 1905இல் கண்டித் தலைவர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதிப் பழைய கட்டடங்களையும் கலைகளையும் பேணுமாறு வேண்டினார். துணைவியார் எதெல் எடுத்த நிழற்படங்களுடன் ‘இடைக்காலச் சிங்களக் கலை’ எனும் அவரது பெருநூல் 1908இல் 425 படிகளாக அச்சாயிற்று. ஒருகாலத்தில் மொறிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அது அச்சிடப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

அவர் எழுதியது வீண்போகவில்லை. பலாங்கொடைக்கு அப்பால் சமனலவெவைப் பகுதியில் 1990களில் ஆய்வு நடத்திய கில் ஜூலெவ், பருவக்காற்றின் வேகத்தாலேயே இயங்கிய பண்டைய உலைகளை மலைச்சரிவுகளிற் கண்டறிந்து, 1996இல் உலகறியச் செய்தார். அவை கி.பி. ஏழாம் நூற்றாண்டு முதல் பதினொராம் நூற்றாண்டு வரையிலானவை.

குமாரசுவாமி பயணஞ்செய்த காலத்தில் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளரும் வாழ்ந்தனர். கண்டிக் காலச் சிங்களக் கலையே அவரது நூலின் பொருளாதலால் அம்மக்களின் கலைகள் அதன் எல்லைக்கு வெளியே நின்றன. மாசி மாதத்திற் கம்பம் ஊன்றித் தொடங்கும் காமன் கூத்தும், தப்பின் ஒலியும், லயத்துக் கோயில்களின் மண் உருவங்களும் கொழுந்து பறித்த கைகளாலும் பால் வெட்டிய கைகளாலும் உருப்பெற்றவை. அக்கலைகளைத் தாங்கிய வாழ்வும் குலைவுக்கு உள்ளாயிற்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்தது. கூத்துப் பழக்கிய அண்ணாவியார் ஒரு கரையிலும் பழகிய மாணாக்கர் மறுகரையிலுமாகப் பிரிந்தால், அம்மரபு எவ்வாறு நிலைக்கும்?

சப்பிரகமுவையிலும் இன்று பல்கலைக்கழகம் உண்டு. அங்கிருந்து ஒருநாட் பயணத் தொலைவிலேயே தோட்டங்கள் உள்ளன. அலுத்நுவரையில் உலையருகே நின்று குமாரசுவாமி கேட்ட வினாக்களை லயங்களிலும் கேட்கலாம்: இதனைச் செய்பவர் யார்? யாரிடம் கற்றார்? அடுத்து யார் கற்பர்? விடை கூறவல்ல முதியோர் இன்றும் அங்கு வாழ்கின்றனர். அவர்கள் காலத்திலேயே அவ்விடைகளை எழுதிவைத்தல் தமிழ் மாணவர் கடனாகும்.