எலும்பை விட்டு வர மறுத்த உலோகம்

'பல் போனால் சொல் போச்சு' என்பது பழமொழி. சொல் மட்டும் போவதில்லை; பல்லைத் தாங்கி நின்ற எலும்பும் மெல்ல மெல்லக் கரைந்து போகிறது. கடிக்கும் வேலை நின்றுவிட்ட தாடை எலும்பு ஆண்டுக்கு ஆண்டு குறுகி, சிலருக்குக் கத்தி விளிம்புபோல் ஆகிவிடும். அதன்மேல் வைக்கும் பல்செட்டுக்குப் பிடிமானம் ஏது? பேசும்போது நழுவுகிறது, சாப்பிடும்போது ஈறில் உராய்ந்து புண்ணாக்குகிறது. கீழ்த்தாடையில் இத்தொல்லை அதிகம். இத்தகையோருக்குக் கிடைத்த ஒரு வழிதான் 'மினி இம்பிளாண்ட்' எனப்படும், தீக்குச்சியின் கனமேயுள்ள உலோகத் திருகு. அது யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதை அறிய, அது பிறந்த கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

முயலின் காலில் தொடங்கிய கதை

1952-ஆம் ஆண்டு. சுவீடன் நாட்டின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற இளம் மருத்துவர், எலும்பினுள் ரத்தம் ஓடும் விதத்தை ஆராய்ந்து வந்தார். டைட்டானியத்தால் ஆன ஒரு சிறு கருவியை முயலின் கால் எலும்பில் பொருத்தி, அதன் வழியே நுண்ணோக்கியால் பார்த்தார். ஆராய்ச்சி முடிந்தது. கருவியை எடுக்க முயன்றார், வரவில்லை! எலும்பு உலோகத்தை இறுகப் பற்றி வளர்ந்திருந்தது.

காரணம் என்ன? டைட்டானியம் காற்றுப் பட்டவுடனேயே அதன் மேற்பரப்பில் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிவிடுகிறது. இப்படலம் உடல் திரவங்களால் அரிக்கப்படுவதில்லை. ஆகவே எலும்புச் செல்கள் அதை அந்நியப் பொருள் என்று ஒதுக்காமல், அதை ஒட்டியே வளர்கின்றன.

1965-இல் பிரோனமார்க், கோதன்பர்க் நகரில் ஒரு மனிதரின் கீழ்த்தாடையில் டைட்டானியத் திருகுகளைப் பதித்து, அவற்றின்மேல் பற்களைப் பொருத்தினார். பல் மருத்துவரல்லாத ஒருவர் சொன்னதைப் பல் மருத்துவ உலகம் எளிதில் நம்பவில்லை. 1982-இல் கனடாவின் டொரன்டோ நகரில் நடந்த மாநாட்டில் அவருடைய குழுவினர் சான்றுகளை முன்வைத்த பிறகே மற்ற நாடுகளும் இம்முறையை ஏற்கத் தொடங்கின. அந்த முதல் நோயாளி 2006-இல் காலமாகும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அத்திருகுகள் அவருக்கு உழைத்தன.

தற்காலிகம் நிரந்தரமானது

பிரோனமார்க்கின் வழக்கமான திருகு 3.75 மி.மீ. விட்டமுடையது. அதைச் சுற்றிலும் போதிய எலும்பு இருக்க வேண்டும். மேலும், பதித்தபின் எலும்பு பற்றிக்கொள்ளச் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும். அதுவரை நோயாளி எப்படிச் சாப்பிடுவது? நியூயார்க் பல் மருத்துவர் விக்டர் செண்டாக்ஸ், 1970-களில் தொடங்கி, சுமார் 1.8 மி.மீ. விட்டமுள்ள மெல்லிய திருகுகளை உருவாக்கினார். பெரிய திருகுகள் உறுதிப்படும் வரை தற்காலிகப் பற்களைத் தாங்குவதே இவற்றின் வேலை. பிறகு கழற்றிவிடலாம் என்பது எண்ணம்.

இங்கும் முயல் கதையே திரும்ப நடந்தது. இத்திருகுகளையும் எலும்பு பற்றிக்கொண்டது! கழற்ற வேண்டியவை எளிதில் கழலவில்லை. அப்படியானால் இவற்றையே நிலையாக வைத்துக்கொண்டால் என்ன? 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் நீண்டகால உபயோகத்துக்கும் அனுமதி அளித்தது.

மெலிவின் விலை

எலும்பு ஏற்றுக்கொண்டால் மட்டும் போதுமா? இங்கே பௌதிகம் குறுக்கிடுகிறது. உருளைக் கம்பி ஒன்று வளைக்கும் விசையைத் தாங்கும் திறன், அதன் விட்டத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 1.8-ஐ 3.75-ஆல் வகுத்தால் 0.48. அதன் மும்மடி 0.11. அதாவது, விட்டம் பாதியாகக் குறையும்போது வலிமை ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்காகிவிடுகிறது! இதை ஈடுகட்டவே மினி திருகுகளைத் தூய டைட்டானியத்தால் செய்யாமல், அதைவிட உறுதியான டைட்டானியக் கலப்புலோகத்தால் செய்கிறார்கள். ஆயினும் குறை முழுவதும் நீங்குவதில்லை. எலும்பைத் தொடும் பரப்பும் குறைவுதான்.

யாருக்கு ஏற்றது?

பற்களே இல்லாத கீழ்த்தாடையில் பல்செட்டை நிலைநிறுத்த இது மிகவும் ஏற்றது. தாடையின் முன்பகுதியில் வழக்கமாக நான்கு திருகுகளைப் பதிப்பார்கள். திருகின் தலை சிறு குண்டுபோல் இருக்கும். பல்செட்டின் அடியில் ரப்பர் வளையமுள்ள குமிழ்மூடி இருக்கும். சட்டையின் அமுக்குப் பொத்தானைப்போல் அழுத்தினால் மாட்டிக்கொள்ளும். இழுத்தால் கழன்று வரும். சுமை நான்காகப் பிரிவதாலும், ஒரு பங்கை ஈறும் ஏற்பதாலும் மெல்லிய திருகு தாக்குப்பிடிக்கிறது.

எலும்பு குறுகியிருந்தும் உயரம் போதுமானதாக உள்ளவர்கள், எலும்பு ஒட்டு அறுவையைத் தாங்க இயலாத முதியவர்கள் ஆகியோருக்கும் இது உதவும். பெரும்பாலும் ஈறை அறுத்துத் திறக்க வேண்டியதில்லை; செலவும் குறைவு. கீழ் முன்பல் விழுந்த குறுகிய இடைவெளியிலும் சிலருக்குப் பொருத்துகிறார்கள்.

கடைவாய்ப் பல் ஒன்றைத் தனியே தாங்க இதை நம்புவது சரியல்ல. மெல்லும் சுமை அங்கேதான் அதிகம். தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்கும் ஏற்றதல்ல. பக்கவாட்டு விசையால் திருகு முறியலாம். மேல்தாடை எலும்பு மென்மையானது. ஆகவே அங்கு திருகுகளின் எண்ணிக்கை கூட வேண்டும், தோல்வியும் அதிகம். நீரிழிவு கட்டுக்குள் இல்லாதவர்களும் புகை பிடிப்பவர்களும் முதலில் அவற்றைக் கவனிக்க வேண்டும்.

விலை குறைவு என்பதற்காக மட்டும் மினி திருகைத் தேடிப் போகக்கூடாது. 'என் எலும்பின் அகலமும் உயரமும் எவ்வளவு? இந்தத் திருகு எவ்வளவு சுமையைத் தாங்க வேண்டியிருக்கும்?' இவ்விரு கேள்விகளையும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.