ஓடாத முயல்

குளிர்காலத்தில் ஒரு காலை நேரம். வேட்டைக்காரன் ஒருவன் நாயுடன் வயல் ஓரமாகச் செல்கிறான். புதருக்குள்ளிருந்து முயல் ஒன்று வெளிப்படுகிறது. மற்ற முயல்களைப் போல் அது பாய்ந்தோடவில்லை. நாலடி தத்திவிட்டு நின்றுவிடுகிறது. நாய் ஒரே பாய்ச்சலில் அதைக் கவ்விக்கொண்டு வருகிறது. தோட்டாச் செலவில்லாமல் ஒரு வேளைக் கறி! அவன் மகிழ்ச்சியுடன் வீடு திரும்புகிறான். அந்த முயல் ஏன் ஓடவில்லை என்று அவன் எண்ணிப் பார்க்கவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை காண, அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மருத்துவர்கள் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் பாடுபட்டார்கள். அவர்களில் சிலர் தாமே நோயில் விழுந்தார்கள்.

தானாகச் செத்த விலங்கை உண்ணலாகாது என்ற விதி மிகப் பழமையானது. யூதர்களின் மறைநூலிலும் குர்ஆனிலும் அது உள்ளது. ஆனால் நம் வேட்டைக்காரனின் முயல் தானாகச் சாகவில்லையே! அது உயிருடன்தான் பிடிபட்டது. பழைய விதிக்குள் அகப்படாமல் நழுவிவிடும் இந்த இடத்தில்தான் ஆபத்து ஒளிந்திருந்தது.

கதை முயலில் தொடங்கவில்லை, அணிலில் தொடங்குகிறது. 1906-ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரைப் பெரும் பூகம்பம் அழித்தது. அதன் பின் அங்குப் பிளேக் நோய் மீண்டும் தலைகாட்டியது. கலிபோர்னியாவின் தரை அணில்களிடமும் பிளேக் பரவியிருந்ததால், அரசாங்கப் பொதுச் சுகாதாரத் துறையினர் ஆயிரக்கணக்கான அணில்களை அறுத்துச் சோதித்து வந்தார்கள். அப்பணியில் இருந்த ஜார்ஜ் மக்காய் என்ற மருத்துவர், டுலேரி மாவட்டத்திலிருந்து வந்த அணில்களில் புதுமையான ஒன்றைக் கண்டார். உறுப்புகளைப் பார்த்தால் பிளேக் போலவே இருந்தது. பிளேக் கிருமியோ அகப்படவில்லை. 1911-இல் இதை அவர் வெளியிட்டார். மறு ஆண்டில் அவரும் சார்லஸ் சேப்பினும் முட்டை மஞ்சள் கருவைக் கொண்டு தயாரித்த ஊட்டப்பொருளில் அந்தக் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். ஊரின் பெயரையொட்டி அதற்கு ‘பாக்டீரியம் டுலரென்சே’ என்று பெயரிட்டார்கள். அணிலுக்கு வரும் நோய். மனிதனுக்கு அதனால் என்ன என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள்.

1914-இல் ஒஹையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரில், உணவு விடுதி ஒன்றில் இறைச்சி வெட்டும் தொழிலாளிக்குக் கண்ணில் கடும் புண் ஏற்பட்டது. வெர்ரி, லாம் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அப்புண்ணில் மக்காயின் அணில் கிருமியைக் கண்டார்கள். மனிதனிடம் இந்நோய் ஐயமற நிறுவப்பட்டது அதுவே முதல் முறை. அவன் இறைச்சியைத் தின்று நோயுறவில்லை, வெட்டி நோயுற்றான் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கிடையில் யூட்டா மாநிலத்து விவசாயிகளிடையே வேறொரு காய்ச்சல் இருந்து வந்தது. மான் ஈ என்னும் ஒருவகை ஈ கடித்த இடத்தில் புண்ணாகும். அருகில் நெறி கட்டும். பல வாரம் படுக்கையில் கிடக்க நேரும். 1919-இல் அதை ஆராய அனுப்பப்பட்டவர் டாக்டர் எட்வர்டு பிரான்சிஸ். நோயாளிகளிடமும் அவ்வட்டாரக் காட்டு முயல்களிடமும் அவர் கண்டது அதே கிருமி. முயலிடமிருந்து ஈ, ஈயிடமிருந்து மனிதன் என்ற சங்கிலி புலப்பட்டது. 1921-இல் நோய்க்கு ‘டுலரீமியா’ என்று பெயர் சூட்டினார். மக்கள் அதை ‘முயல் காய்ச்சல்’ என்றே அழைத்தார்கள். ஆராய்ச்சியின்போது பிரான்சிசும் அந்நோயில் விழுந்தார். 1922-இல் ஆய்வுக்கூடத்தில் நோய்வாய்ப்பட்ட ஆறு பேரைப் பற்றியே தனிக் கட்டுரை ஒன்று வெளியாயிற்று!

இனி ஜப்பானுக்குச் செல்வோம். அங்கும் முயல் கறி உண்டவர்களுக்கு வந்த நோயைப் பற்றி 19-ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவர் ஒருவர் எழுதி வைத்திருந்தார். புகுஷிமா நகரில் மருத்துவமனை நடத்திவந்த டாக்டர் ஹச்சிரோ ஓஹாரா, காட்டு முயலைத் தொட்டு அறுத்தவர்களுக்குக் காய்ச்சலும் நெறிக்கட்டும் வருவதைக் கவனித்தார். முயல்தான் காரணமா? இதை நிரூபிக்க 1925-இல் அவருடைய மனைவி ரிக்கி தாமாக முன்வந்தார். செத்த முயலின் இரத்தத்தை அவருடைய கையில் தேய்த்தார் ஓஹாரா. சில நாட்களில் அம்மையாருக்குக் காய்ச்சல் கண்டது. அக்குளில் நெறி கட்டியது. இன்றைய மருத்துவ நெறி இத்தகைய சோதனையை ஒருபோதும் அனுமதிக்காது. அறிவியல் வரலாற்று நூல்களில் கணவரின் பெயருக்குக் கிடைத்த இடத்தில் பாதியாவது அந்த அம்மையாரின் பெயருக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஓஹாரா அனுப்பிய பொருள்களைப் பிரான்சிஸ் சோதித்து, இரண்டு நோய்களும் ஒன்றே என்று 1926-இல் அறிவித்தார்.

ரிக்கி அம்மையார் ஒரு துண்டுக் கறியைக்கூட வாயில் வைக்கவில்லை. சின்சினாட்டித் தொழிலாளியும் அப்படித்தான். “இந்தக் கறியைத் தின்னலாமா?” என்று கேட்டுக்கொண்டிருந்த மனிதன், அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. “இதை உரிக்கலாமா?” என்பதே அது. இக்கிருமியின் கொடிய அமெரிக்க வகையில் பத்துக் கிருமிகள் தோலுக்கடியில் புகுந்தாலே போதும், நோய் வந்துவிடும். வாய் வழியாக வருவதற்கோ கோடிக்கணக்கில் தேவை. மேலும் 56 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் பத்து நிமிடத்தில் இக்கிருமி மடிந்துவிடுகிறது. ஆகவே நன்றாக வெந்த கறியை உண்ட குடும்பத்தார் பிழைத்துக்கொள்ள, அடுக்களையில் முயலை உரித்துக் கழுவிய பெண் படுத்துவிடுவாள். கையிலுள்ள சிறு கீறல் போதும். இரத்தம் பட்ட விரலால் கண்ணைக் கசக்கினால் அதுவும் போதும். உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. உறைந்த இறைச்சியில் அது நெடுங்காலம் உயிர் வாழும்.

அப்படியானால் நோயுற்ற முயலை எப்படி அறிவது? முதல் அடையாளம் நடை. மந்தமாக, மனிதனைக் கண்டும் அஞ்சாமல் இருக்கும் முயலைத் தொடக்கூடாது. இரண்டாவது கல்லீரல். நோயுற்ற முயலின் கல்லீரலிலும் மண்ணீரலிலும் ஊசிமுனை அளவில் வெண்புள்ளிகள் தெளித்தாற்போல் இருக்கும். ஆனால் வயிற்றைக் கிழித்த பிறகுதானே கல்லீரல் தெரியும்? அதற்குள் கை நனைந்துவிடுகிறது. அதனால்தான் ரப்பர் கையுறை அணிந்து உரிக்கும்படி மருத்துவர்கள் வற்புறுத்தினார்கள். புள்ளி இல்லை என்பதற்காக நோயில்லை என்று துணியவும் முடியாது.

அடிபட்ட விலங்கின் கதை சற்று வேறு. குண்டு குடலைத் துளைத்திருந்தால் குடலிலுள்ள கிருமிகள் இறைச்சியில் கலக்கும். காயத்துடன் ஓடி, பல மணி நேரம் கழித்து அகப்பட்ட உடல் விரைவில் கெடும். ஆனால் சாலையில் வண்டி மோதிக் கிடக்கும் முயலைப் பற்றி ஓர் ஐயம் எழத்தான் வேண்டும். வண்டி வருவது தெரிந்தும் அது ஏன் விலகவில்லை? காயம் கண்ணுக்குத் தெரிகிறது. காயத்துக்குக் காரணமான நோய் தெரிவதில்லை.

அமெரிக்க நாட்டுப்புறத்தில், கடும் உறைபனி விழுந்த பிறகே முயல் வேட்டைக்குப் போக வேண்டும் என்று சொல்வார்கள். இது வெறும் நம்பிக்கை அன்று. முயலுக்கு முயல் நோயைப் பரப்புபவை முக்கியமாக உண்ணிகள். குளிரில் அவை முயலை விட்டு அகன்றுவிடும். முன்பே நோயுற்ற முயல்களோ அதற்குள் மடிந்திருக்கும்.

1930-களின் பொருளாதார நெருக்கடியில் வேலையிழந்தோர் பலருக்குக் காட்டு முயல் காசில்லாமல் கிடைத்த கறி. 1939-இல் மட்டும் அமெரிக்காவில் 2,291 பேருக்கு இந்நோய் பதிவாயிற்று. அதன் பிறகு எண்ணிக்கை குறைந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து 1940-களில் வந்ததும் சாவும் அருகியது.

நடை, கல்லீரல், நெருப்பு ஆகிய இம்மூன்றையும் நம்பி வாழ்ந்த வேட்டைக்காரனுக்கு மற்றொரு சோதனை மான் வடிவில் வந்தது. 1967-இல் கொலராடோ மாநிலத்தில், ஆராய்ச்சிக்காக அடைத்து வளர்க்கப்பட்ட மான்கள் இளைத்து, எச்சில் ஒழுக மடிந்தன. 1978-இல் எலிசபெத் வில்லியம்ஸ் என்ற பெண் கால்நடை மருத்துவர், அவற்றின் மூளை கடற்பஞ்சு போல் துளைபட்டிருப்பதைக் கண்டார். 1981-இல் காட்டில் திரியும் எல்க் மானிடமும் அந்நோய் தென்பட்டது. நோய்க்குக் காரணம் கிருமி அன்று. ‘பிரியான்’ எனப்படும் உருமாறிய புரதம். சமையல் வெப்பம் அதை அழிப்பதில்லை. நோய் தொற்றிய மான் ஓராண்டுக்கும் மேலாக நல்ல உடற்கட்டுடன் துள்ளி ஓடக்கூடும். அதன் கல்லீரலிலும் எந்தப் புள்ளியும் இராது. இந்த இறைச்சியால் மனிதனுக்கு நோய் வந்ததாக இதுவரை நிறுவப்படவில்லை. எனினும் நோயுள்ளதாகத் தெரிந்த மானை உண்ண வேண்டாம் என்றே சுகாதாரத் துறையினர் கூறுகின்றனர். அதனால் நோய் பரவிய வட்டாரங்களில் வேட்டைக்காரர்கள் பலர் மானின் தலையைச் சோதனைக்கு ஒப்படைத்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வரும்வரை கறி உறைபெட்டியில் கிடக்கிறது.