தொழுநோயும் வியர்க்காத தோலும்

வியர்வை சுரத்தல், தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி விரிதல், மயிர் சிலிர்த்தல் ஆகியவற்றை நம் விருப்பத்தை எதிர்பாராமல் இயக்குவது தன்னியக்க நரம்பு மண்டலம் ஆகும். தொழுநோய்க் கிருமி தோலிலுள்ள இதன் நுண்ணிழைகளைச் சிதைக்கும்போது, அவ்விடம் வியர்க்காமல் வறண்டு போகிறது, மயிரும் உதிர்கிறது.

வரலாறு

1873-இல் நார்வே மருத்துவர் ஆன்சன் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். ஆயினும் பாவத்தின் பலன் என்ற நம்பிக்கை நீடித்தது. 1898-ஆம் ஆண்டுச் சட்டம், ஏழைத் தொழுநோயாளரைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க இடமளித்தது.

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனையில் இராபர்ட் காக்ரேன் பணியாற்றினார். 1940-களில் டாப்சோன் மருந்தை இந்தியாவில் பயன்படுத்திய முன்னோடி அவர். 1947-இல் அவர் அழைப்பின் பேரில் அங்கு வந்தவர் வேலூர் அறுவை மருத்துவர் பால் பிராண்ட். விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. வலி உணர்வு போனதால் ஏற்படும் காயங்களே அவற்றை அழிக்கின்றன என்று பிராண்ட் பின்னர் நிறுவினார். வியர்க்காத தோலின் வெடிப்புகளும் அத்தகைய காயங்களே. அவற்றின் வழியே வேறு கிருமிகள் நுழைந்து புண் ஆழமாகிறது. திருமணி மருத்துவமனை 1955-இல் நடுவண் அரசின் ஆராய்ச்சி நிலையமாயிற்று.

கண்டறியும் முறை

1928-இல் மைனர் விவரித்த சோதனையில், தோலில் அயோடின் தடவி, காய்ந்தபின் மாவுப்பொடி தூவுவர். வியர்க்கும் இடம் கருநீலமாகும். நரம்பு சிதைந்த இடம் நிறம் மாறாது.

பழவேற்காடு போன்ற இடங்களில்

பொன்னேரி வட்டம் 1997 வரை செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அவ்வட்டத்துப் பழவேற்காடு ஏரியில் உப்பு நீரில் நின்று, கையால் தடவி இறால் பிடிப்போர் உண்டு. வெயிலும் உப்பும் தோலை உலர்த்தும் தொழிலில், வியர்க்காத ஒரு திட்டை உப்பின் வேலை என்று விட்டுவிடுவது எளிது. சிப்பி கீறியும் வலிக்காவிட்டால் புண் கவனிக்கப்படாமலே பெரிதாகும்.

1983 முதல் இந்தியாவில் கூட்டு மருந்து சிகிச்சை அளிக்கப்படுகிறது. இன்று அது அரசு நிலையங்களில் இலவசம். நோய் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதங்களில் அது முடிகிறது. மருந்து கிருமியைக் கொல்லும். நெடுநாள் சிதைந்த நரம்பு பெரும்பாலும் மீள்வதில்லை. அவ்வாறு வறண்ட கை கால்களை நாள்தோறும் நல்ல நீரில் ஊறவைத்து, ஈரம் காயுமுன் எண்ணெய் தடவுவது வெடிப்பைத் தடுக்கும்.

தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாகக் காட்டும் சட்டப் பிரிவுகள் 2019-இல்தான் நீக்கப்பட்டன. வெளிறிய, உணர்வற்ற, வியர்க்காத திட்டைக் கண்டால் மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுவதே ஊனத்தைத் தவிர்க்கும் வழி.